ஃபங்ஷனல் மொழி யாருக்கு, எந்த வேலைக்குப் பொருந்தும்?

நான்கு ஆண்டுகளாக ஜாவாவிலும் பைத்தானிலும் வேலை பார்க்கிறீர்கள். ஹாஸ்கெல், எலிக்சர் என்று ஃபங்ஷனல் மொழிகளின் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கணக்கில் சுமார்தான் என்கிறீர்கள். இது உங்களுக்கு ஒத்துவருமா, எந்த மாதிரி புராஜெக்டுக்கு இதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்தப் பாணியில் யோசிக்கக் கற்றுக்கொள்வது உங்களுக்குப் பயன்படுமா என்பது ஒன்று. ஒரு புராஜெக்டை முழுக்க அப்படியொரு மொழியில் எழுதி, நாலைந்து வருடம் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாவதற்குப் புராஜெக்டைப் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். மாறிக்கொண்டே இருக்கும் நிலை, அதாவது ஸ்டேட், உங்கள் வேலையில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அது பிரச்சினையின் இயல்பிலேயே உள்ளதா அல்லது நாம் எழுதிய விதத்தால் வந்து சேர்ந்ததா என்பதைப் பாருங்கள். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

லாம்ப்டாவும் மேப்பும் ஃபில்டரும் இருப்பதால் மட்டும் ஒரு மொழி ஃபங்ஷனல் ஆகிவிடாது. அவை 2014-இல் வந்த ஜாவா 8-லேயே உண்டு. ஃபங்ஷனல் மொழியில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது பிறகு மாறாது. ஒரு ஃபங்ஷனுக்கு அதே உள்ளீட்டைக் கொடுத்தால் அதே விடைதான் வரும். மாற்றம் தேவைப்பட்டால் அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும். எல்லா ஃபங்ஷனல் மொழிகளும் இதில் ஒரே அளவு கண்டிப்பானவை இல்லை. 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப், 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னரின் குழு உருவாக்கிய எம்எல், 1986 வாக்கில் எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங், 1990-இல் முதல் வரையறை வெளியான ஹாஸ்கெல் என்று கிளைகள் பல. லிஸ்ப் வழிவந்த குளோஜரிலும், எர்லாங், எலிக்சரிலும் டைப் தவறுகள் (எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வருவது போன்றவை) பெரும்பாலும் நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஓகாம்ல், எஃப் ஷார்ப், ஸ்காலா, ஹாஸ்கெல் ஆகியவற்றில் கம்பைலர் முன்கூட்டியே மறித்துக் கேள்வி கேட்கும். இந்த இரண்டில் எது உங்கள் மனப்போக்குக்கு ஒத்துவரும் என்பதை முதலில் யோசியுங்கள். ஒருவர் ஹாஸ்கெலை வெறுத்து குளோஜரில் சந்தோஷமாக இருப்பதும், அதற்கு நேர்மாறானதும் சகஜம்.

கணக்கு பற்றிய பயத்தை விட்டுவிடலாம். இந்த மொழிகளின் அடித்தளமான லாம்ப்டா கால்குலஸை 1930-களில் அலோன்சோ சர்ச் வகுத்தார் என்பது உண்மை. ஆனால் அதைப் படிக்காமலே இந்த மொழிகளில் நன்றாக வேலை செய்யலாம். தேவைப்படுவது ஒரே ஒரு பழக்கம்: காலிப் பட்டியலுக்கு விடை என்ன, அதன் முன்னால் ஒன்று சேர்ந்தால் விடை எப்படி மாறும் என்று இரண்டு கேள்விகளாகப் பிரச்சினையைப் பிரிப்பது. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஃபார்முலா எழுதியவர்களுக்கும், எஸ்க்யூஎல்லில் நீளமான குவெரி எழுதியவர்களுக்கும் இந்த யோசனை ஏற்கெனவே பாதி வந்திருக்கும். ஒரு செல்லின் மதிப்பு மற்ற செல்களின் மதிப்பிலிருந்து வருகிறது. யாரும் அதை நடுவழியில் மாற்றுவதில்லை. மோனாட் என்ற சொல்லைக் கண்டு பலர் முதல் வாரத்திலேயே ஓடிவிடுகிறார்கள். அதை முதலில் படிக்காதீர்கள். விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதைச் சொல்லும் ஆப்ஷன் வகையையும், விடை அல்லது பிழை என்பதைச் சொல்லும் ரிசல்ட் வகையையும் மூன்று நான்கு வாரம் பயன்படுத்துங்கள். ஒன்று தோற்றால் மீதி எல்லாம் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போவீர்கள். அந்த அலுப்பைத் தீர்க்கும் பொது வடிவம்தான் மோனாட் என்று அப்போது தானாகவே புரியும்.

பயன் எங்கே இருக்கிறது என்பதைச் சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரு ஆர்டருக்குப் பணம் வந்ததா என்ற தகவலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒரு கிளாஸில் மூன்று ஃபீல்டு வைப்போம்: நிலை (காத்திருக்கிறது, செலுத்தப்பட்டது, தோல்வி), செலுத்திய தேதி, தோல்விக்கான காரணம். பின்னிரண்டும் காலியாக இருக்கலாம். மூன்று நிலை, தேதி உண்டா இல்லையா, காரணம் உண்டா இல்லையா என்று பெருக்கினால் 12 சேர்க்கைகள் வருகின்றன. அவற்றில் அர்த்தமுள்ளவை 3 மட்டுமே. மீதி 9-ம் நடக்கவே கூடாதவை: செலுத்தப்பட்டது என்கிறது, ஆனால் தேதி காலி; அல்லது காத்திருக்கிறது என்கிறது, தோல்விக் காரணம் நிரம்பியிருக்கிறது. அவை உள்ளே வந்துவிடாமலிருக்க ஊரெல்லாம் 'காலியா' என்ற சரிபார்ப்பு (null check) போடுவோம், ஏதோ ஓரிடத்தில் மறப்போம். ஓகாம்லிலோ எஃப் ஷார்ப்பிலோ ஹாஸ்கெலிலோ இதை ஒரே டைப்பின் மூன்று வகைகளாக எழுதலாம்: காத்திருக்கிறது; செலுத்தப்பட்டது, கூடவே தேதி; தோல்வி, கூடவே காரணம். தப்பான அந்த ஒன்பதையும் எழுதவே வழியில்லை. ஆறு மாதம் கழித்து 'திருப்பித் தரப்பட்டது' என்று நான்காவது வகையைச் சேர்த்தால், இந்த டைப்பைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் கம்பைலர் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்ளவும் முடியும். வகைகளைப் பிரிக்கும் இடத்தில் 'மற்ற எல்லாவற்றுக்கும்' என்று கடைசியில் ஓர் அடிக்கோட்டைப் போட்டுவிட்டால், புதிய வகை சத்தமில்லாமல் அதற்குள் விழுந்துவிடும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. மூன்று நான்கு வகைதான் இருக்கிறது என்றால் சோம்பல்படாமல் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஹாஸ்கெலில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வகை விடுபட்டது என்ற எச்சரிக்கை ஜிஎச்சி கம்பைலரில் தானாக வராது. எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கும் அமைப்பைப் போட வேண்டும். இந்த எச்சரிக்கையைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும்படியும் வைக்க வேண்டும். புதிய புராஜெக்ட் தொடங்கினால் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. பத்தாயிரம் வரி எழுதிய பிறகு இயக்கினால் வந்து குவியும் எச்சரிக்கைகளை யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள்.

அடுத்த பயன், முடிவெடுப்பதையும் செயல்படுத்துவதையும் பிரிப்பது. பெரும்பாலான பிசினஸ் நிரல்களில் ஒரே மெத்தடுக்குள் டேட்டாபேஸைப் படிப்பார்கள், விதியைப் பார்ப்பார்கள், மின்னஞ்சல் அனுப்புவார்கள், மறுபடி டேட்டாபேஸில் எழுதுவார்கள். அதைச் சோதிக்க நான்கு போலிப் பொருள்களை உருவாக்க வேண்டியிருக்கும். ஃபங்ஷனல் மொழியில் பழகியவர் அதை இரண்டாக வெட்டுவார். உள்ளே இருப்பது தேவையான தகவலை மட்டும் வாங்கி, 'இவருக்கு இந்த மின்னஞ்சல், இந்தப் பதிவில் இந்த மாற்றம்' என்று செய்ய வேண்டியவற்றின் பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். வெளியே இருப்பது அந்தப் பட்டியலை வாங்கி நிறைவேற்றும் மெல்லிய ஓடு. உள்பகுதியைச் சோதிக்க எந்தப் போலிப் பொருளும் வேண்டாம். அதோடு, உதாரணங்களைக் கையால் எழுதாமல் பண்பைச் சொல்லிச் சோதிக்கலாம்: எந்தத் தகவலை எழுதி மறுபடி படித்தாலும் பழையதே கிடைக்க வேண்டும், எந்தத் தள்ளுபடிக்குப் பிறகும் தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போல. கோயன் கிளாசெனும் ஜான் ஹியூஸும் 2000-இல் வெளியிட்ட குயிக்செக் என்ற சோதனைக் கருவி இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பண்புக்கும் 100 உள்ளீடுகளைத் தானாகவே உருவாக்கிப் பார்க்கும். ஒன்று தோற்றால் அதைச் சுருக்கிச் சுருக்கி, தோற்கக்கூடிய, முடிந்தவரை சிறிய உள்ளீட்டைக் கையில் கொடுக்கும். இதே யோசனை பைத்தானுக்கு ஹைபாதெசிஸ் என்ற பெயரில் இருக்கிறது. மொழி மாறாமலே இன்றே பயன்படுத்தலாம்.

மேலே சொன்ன இரண்டும் பெருமளவு தேவைப்படும் வேலைகளில்தான் இந்த மொழிகள் நிலைத்து நிற்கின்றன. அதில் முதலிடம் கம்பைலர், நிரலை ஆராயும் கருவி, ஒரு வடிவக் கோப்பை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் கருவி ஆகியவற்றுக்கு. நூறு வகைக் கிளைகள் கொண்ட ஒரு மரம் உள்ளே போகிறது, வேறொரு மரம் வெளியே வருகிறது. நடுவில் எதையும் மாற்றி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகாம்லில் எழுதப்பட்டது. ஆவண வடிவங்களை மாற்றும் பேண்டாக்கும், ஷெல் ஸ்கிரிப்டில் தவறு கண்டுபிடிக்கும் ஷெல்செக்கும் ஹாஸ்கெலில் எழுதப்பட்டவை. அடுத்தது, விதிகள் நிறைந்து, தவறினால் பணம் போகும் வேலை. ஜேன் ஸ்ட்ரீட் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் ஓகாம்லையும், பிரேசிலின் நூபேங்க் குளோஜரையும் அடிப்படையாக வைத்திருக்கின்றன. ஃபேஸ்புக் தன் ஸ்பேம் தடுப்பு விதிகளை ஹாஸ்கெலுக்கு மாற்றியதை 2015-இல் அறிவித்தபோது, அந்த அமைப்பு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளைக் கையாண்டது. பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டும் பெருந்தரவுப் பணிகளும் இங்கே வரும். ஒரு கணினி நடுவில் விழுந்தால் அதன் பங்கை இன்னொன்றில் மறுபடி ஓட்டலாம் என்ற நம்பிக்கையில்தான் அவை நடக்கின்றன. அந்தப் பங்கு வெளியே எதையும் மாற்றவில்லை என்றால்தான் மறுபடி ஓட்டுவது பத்திரம். பெருந்தரவுக் கருவியான ஸ்பார்க் ஸ்காலாவில் எழுதப்பட்டதும், கூகுள் 2004-இல் விவரித்த மேப்ரெட்யூஸ் முறைக்கு லிஸ்ப்பின் மேப், ரெட்யூஸ் என்ற பெயர்கள் அமைந்ததும் காரணமில்லாமல் நடந்தவை இல்லை.

எர்லாங்கும் எலிக்சரும் தனி ரகம். இவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணமும் வேறு. இங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குட்டி ப்ராசஸ். அது பிறக்கும்போது எடுப்பது சுமார் இரண்டரை கிலோபைட் மெமரிதான், ஆகவே ஒரே இயந்திரத்தில் லட்சக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் மெமரியை இன்னொன்று தொட முடியாது. செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும். ஒன்று செத்தால் அதன் மேற்பார்வையாளர் (அதுவும் ஒரு ப்ராசஸ்தான்) புதிதாக ஒன்றைத் தொடங்கும். அரட்டை, நேரலை அறிவிப்பு, செய்தி வரிசை, தொலைபேசி இணைப்பு போன்ற வேலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைச் சொல்வது கடினம். 2014-இல் ஃபேஸ்புக் வாங்கியபோது மாதம் 45 கோடிப் பேர் பயன்படுத்திய வாட்ஸப்பின் சர்வர்கள் எர்லாங்கில் ஓடின. செய்தி வரிசை மென்பொருளான ராபிட்எம்க்யூவும் எர்லாங்கில் எழுதப்பட்டதுதான். 'விழுந்தால் விழட்டும், மறுபடி எழுந்துகொள்ளும்' என்ற இந்தக் கொள்கையைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். எலிக்சரின் மேற்பார்வையாளர் 5 நொடிக்குள் 3 தடவைக்கு மேல் மறுதொடக்கம் தேவைப்பட்டால் தானும் நின்று, தனக்கு மேலிருப்பவரிடம் பொறுப்பைத் தள்ளும். டேட்டாபேஸ் முகவரி தப்பு என்பது போல நிரந்தரமான காரணமாக இருந்தால், மறுதொடக்கம் எத்தனை செய்தாலும் தீராது; சில நொடிகளில் மேல்மட்டம் வரை சரிந்து அப்ளிகேஷனே நின்றுவிடும். ஆகவே, வெளிச் சேவையோடு இணைவதை ப்ராசஸ் தொடங்கும் கட்டத்திலேயே கட்டாயமாக்காமல், தொடங்கிய பிறகு இடைவெளி விட்டு முயலும்படி எழுத வேண்டும். இன்னொரு வழக்கமான கோளாறு, எல்லாரும் ஒரே ப்ராசஸுக்குச் செய்தி அனுப்புவது. அது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்கும். வரவு மிஞ்சினால் அதன் செய்திப் பெட்டி வளர்ந்து மெமரியைத் தின்றுவிடும். கனமான கணக்கீட்டுக்கும் இந்த மொழிகள் ஏற்றவை இல்லை.

பொருந்தாத வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 60 ஃபிரேம் காட்ட வேண்டிய கேமில் ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லிநொடி சொச்சம்தான் உண்டு. பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் நடுவில் புகுந்தால் கண்ணுக்குத் தெரியும். 32 கிலோபைட் மெமரி உள்ள மைக்ரோகண்ட்ரோலரில் இந்த மொழிகளின் ரன்டைம் பெரும்பாலும் ஏறவே ஏறாது. போன் ஆப்பில் தளத்தின் கருவிகள் எல்லாம் கோட்லினுக்கும் ஸ்விஃப்டுக்கும் எழுதப்பட்டவை. வேறு மொழியில் போனால் பாதி நேரம் பாலம் கட்டுவதில் போகும். இயந்திரக் கற்றலில் லைப்ரரிகள் பைத்தானில்தான் இருக்கின்றன. அங்கே ஜாக்ஸ் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் ஃபங்ஷன்கள் பக்கவிளைவு இல்லாதவையாக (வெளியே எதையும் மாற்றாதவையாக) இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் வேலை செய்வதால், பாணி மட்டும் உதவும். படிவத்தை நிரப்பி டேட்டாபேஸில் போட்டு எடுத்துக் காட்டுவதே மொத்த வேலை என்றால், நிலை முழுக்க டேட்டாபேஸில்தான் இருக்கிறது. மொழியை மாற்றி அங்கே கிடைக்கும் லாபம் சொற்பம். ஒருதடவை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடும் ஸ்கிரிப்டுக்கும் இது வேண்டியதில்லை.

'மாறாத மதிப்பு என்றால் ஒவ்வொரு தடவையும் முழுசாக நகலெடுக்க வேண்டாமா' என்பது நியாயமான சந்தேகம். குளோஜரின் வெக்டரை எடுத்துக்கொண்டால், உள்ளே அது கணுவுக்கு 32 கிளைகள் கொண்ட மரம். பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் நான்கு மட்டம்தான். ஒன்றை மாற்றினால் அந்தப் பாதையில் உள்ள நான்கு சின்னக் கணுக்கள் மட்டும் நகலாகும். மீதி மரத்தைப் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்ளும். சாதாரண வேலைக்கு இது போதும். ஆனால் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மாற்றுவது, பெரிய அணிகளைப் பெருக்குவது போன்றவற்றில் நேராக இடத்திலேயே எழுதும் அரேயோடு இது போட்டியிட முடியாது. குளோஜர், ஹாஸ்கெல், ஓகாம்ல் போன்ற பல ஃபங்ஷனல் மொழிகளில் அதற்கு வழி இருக்கிறது. ஃபங்ஷனுக்குள்ளேயே ஓர் அரேயை உருவாக்கி, மாற்றி, முடிவில் மாறாததாக வெளியே கொடுத்தால் அழைப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கொள்கைப் பிடிவாதத்தால் இதைத் தவிர்த்து, நிரலை இருபது மடங்கு மெதுவாக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஹாஸ்கெலில் மட்டும் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். அது சோம்பல் மொழி: விடை தேவைப்படும்வரை கணக்குப் போடாது. 1 முதல் ஒரு கோடி வரை கூட்டச் சொல்லி இடமிருந்து மடிக்கும் சாதாரண ஃபோல்டை (பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் ஃபங்ஷனை) பயன்படுத்தினால், கூட்டிக்கொண்டே போகாமல் 'பூஜ்ஜியத்தோடு ஒன்றைக் கூட்டு, அதோடு இரண்டைக் கூட்டு' என்று செய்ய வேண்டிய கூட்டல்களின் சங்கிலியை மெமரியில் கட்டிக்கொண்டே போகும். கம்பைலரின் மேம்படுத்தலை இயக்கியிருந்தால் இவ்வளவு எளிய இடத்தில் அதுவே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். சிக்கலான இடத்தில் கண்டுபிடிக்கும் என்ற உறுதி இல்லை. உடனே கணக்கிடும் ஃபோல்டை எழுதுவதே பழக்கமாக இருக்கட்டும். இதைவிட அடிக்கடி மாட்டிவிடுவது, எண்ணிக்கை வைத்திருக்கும் மேப், அதாவது சாவிக்கு ஒரு மதிப்பு வைக்கும் அட்டவணை. ஒவ்வொரு சொல்லும் எத்தனை தடவை வந்தது என்று எண்ணும் சர்வர் நாள் முழுக்க ஓடுகிறது, யாரும் எண்ணிக்கையைக் கேட்கவில்லை என்றால், ஒவ்வொரு சாவிக்குப் பின்னாலும் கணக்கிடாத கூட்டல்கள் குவியும். மெமரி வரைபடம் மெதுவாக ஏறிக்கொண்டே போவதைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உடனடி வகை மேப்புக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உரையைச் சாதாரண ஸ்டிரிங்காக வைத்தால் அது எழுத்துகளின் இணைப்புப் பட்டியல். ஆங்கில எழுத்துகளுக்கே 64-பிட் இயந்திரத்தில் எழுத்துக்கு 24 பைட் ஆகும். டெக்ஸ்ட் என்ற வகையைப் பயன்படுத்துங்கள். ஓகாம்லும் எஃப் ஷார்ப்பும் எலிக்சரும் இயல்பில் உடனே கணக்கிடுபவை. அவற்றில் இந்தக் கணக்கிடாத குவியல் வராது.

அடிக்கடி சொல்லப்படும் இரண்டு வாதங்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒன்று, ஃபங்ஷனல் மொழியில் பிழை குறையும் என்பது. கிட்ஹப்பில் உள்ள புராஜெக்டுகளை வைத்து 2014-இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. 2019-இல் வேறொரு குழு அதே தரவை எடுத்து மறுபடி செய்து பார்த்தபோது பெரும்பாலான முடிவுகள் நிற்கவில்லை. மிஞ்சிய தொடர்புகளின் அளவும் மிகமிகச் சிறியது. ஆகவே, மேலே காட்டிய ஒன்பது தவறான சேர்க்கைகள் போன்ற குறிப்பிட்ட வகைப் பிழைகள் அறவே போகும் என்பது உறுதி. மொத்தப் பிழை இத்தனை சதவீதம் குறையும் என்று யாராவது எண் சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வட்டியைத் தப்பான சூத்திரத்தில் போட்டால் எந்த டைப்பும் காப்பாற்றாது. இரண்டாவது வாதம், பல கோர்களில் ஓட்டுவது இலவசமாகக் கிடைக்கும் என்பது. மாறாத மதிப்புகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பாதுகாப்பானது. லாபமானது என்று அர்த்தம் இல்லை. பட்டியலின் ஒவ்வொரு உறுப்பையும் தனி வேலையாக அனுப்பினால் அனுப்பும் செலவு வேலையைவிட அதிகமாகிவிடும். ஆயிரக்கணக்கில் கட்டுகளாகப் பிரிக்க வேண்டும். நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடக்கும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது.

இனி ஆட்களைப் பற்றி. இங்கே நான் சொல்வது அனுபவக் கணிப்பு, அளந்து சொன்னதல்ல. நிரல் எழுதும் முன் தகவலின் வடிவத்தைக் காகிதத்தில் வரைபவர்கள், பத்து நிமிடம் கம்பைலரோடு மல்லுக்கட்டினாலும் பரவாயில்லை, இரவு இரண்டு மணிக்கு போன் வரக் கூடாது என்று நினைப்பவர்கள், எழுதுவதைவிடப் படிப்பதற்கு அதிக நேரம் செலவிடுபவர்கள் ஆகியோருக்கு டைப் உள்ள ஃபங்ஷனல் மொழிகள் சீக்கிரம் பிடித்துவிடும். சின்னத் துண்டை எழுதி உடனே ஓட்டிப் பார்த்து, விடையைப் பார்த்து அடுத்த துண்டை எழுதுபவர்களுக்கு குளோஜரும் எலிக்சரும் சௌகரியம். டீபக்கரில் வரிவரியாக நடந்து, மாறியின் மதிப்பு மாறுவதைப் பார்த்துத்தான் யோசிக்க வரும் என்பவர்கள் முதல் இரண்டு மாதம் தவிப்பார்கள், ஹாஸ்கெலில் கூடுதலாகவே. அனுபவம் அதிகமுள்ளவர்களுக்குத் தொடக்கம் கடினமாக இருப்பதும் இயல்பு; லூப்பும் மாறியும் கையில் ஊறிப்போயிருக்கும். தினம் ஒரு மணி நேரம் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அடிப்படை வரும். தயங்காமல் வேலைக்குப் பயன்படுத்த மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு உண்மையான ஆபத்து திறமை குறைந்தவரால் வருவது அரிது. புதிதாகக் கற்ற உற்சாகத்தில் எல்லாவற்றையும் பொதுமைப்படுத்துபவரால்தான் வருகிறது. ஐந்து வரியில் முடிவதை ஒரு வரியாக்க, மூன்று குறிகள் சேர்ந்த ஆபரேட்டர் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிப்பார். மோனாடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு வைப்பார். ஆறு மாதம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போனதும் அந்தக் கோப்பைத் தொட யாருக்கும் துணிவிருக்காது. இதைத் தவிர்க்க, மொழியின் எந்தக் கூறுகளைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். புதிய ஆபரேட்டர் வேண்டாம். ஒவ்வொரு வெளிப்படை ஃபங்ஷனுக்கும் டைப் எழுத வேண்டும். இன்னொருவர் விளக்கம் கேட்காமல் படிக்க முடியாததை ரிவ்யூவில் ஏற்க வேண்டாம். அந்த மொழியில் நள்ளிரவுக் கோளாறைத் தனியாகச் சரிசெய்யக்கூடியவர் குழுவில் குறைந்தது இரண்டு பேராவது இல்லாதவரை, முக்கியமான சேவையை அதில் எழுத வேண்டாம் என்பேன். தேவையான லைப்ரரிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது வெளியானது என்று பார்த்துவிடுங்கள். பணம் வாங்கும் சேவை, மேகக் கணினிச் சேவை போன்றவற்றுக்கான அதிகாரபூர்வ லைப்ரரி சின்ன மொழிகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஜாவாவின் தளமான ஜேவிஎம்மில் ஓடும் குளோஜர், ஸ்காலாவுக்கும், மைக்ரோசாஃப்டின் தளமான டாட்நெட்டில் ஓடும் எஃப் ஷார்ப்புக்கும் அந்தத் தளங்களின் லைப்ரரிகளே உதவுவதால் இந்தக் கவலை குறைவு.

உங்கள் விஷயத்தில் இப்படிச் செய்து பாருங்கள். இப்போதைய வேலையிலிருந்து 300 முதல் 500 வரி உள்ள, விதிகள் நிறைந்த, முன்பு பிழை வந்த ஒரு பகுதியை எடுங்கள். முதலில் அதை ஜாவாவிலேயே மாற்றி எழுதுங்கள். இன்னின்ன வகைகள் மட்டும்தான் என்று வரையறுக்கும் சீல்டு இன்டர்ஃபேஸ் ஜாவா 17-இல் உண்டு. வகைகளைப் பிரித்து, விடுபட்டதைக் கம்பைலர் சொல்லும் ஸ்விட்ச் ஜாவா 21-இல் முழுமையாக வந்தது. பைத்தான் என்றால் மதிப்பு மாறாதபடி உறைந்த டேட்டாகிளாஸ், 3.10-இல் வந்த மேட்ச், கூடவே டைப்பைச் சரிபார்க்கும் மைபை. முடிவெடுக்கும் பகுதியை உள்ளேயும் செயல்படுத்தும் பகுதியை வெளியேயும் வையுங்கள். இதற்கு இரண்டு வாரம் போதும். பலருக்கு இங்கேயே தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அப்படியானால் மொழியை மாற்றாமல் இதையே பரப்பலாம். போதவில்லை என்று தோன்றினால் அதே பகுதியை ஒரு ஃபங்ஷனல் மொழியில் எழுதுங்கள். ஜாவாவோடு ஒட்டி ஓட வேண்டுமானால் குளோஜர் அல்லது ஸ்காலா, ஏராளமான இணைப்புகள் என்றால் எலிக்சர், கோப்பை அலசி ஆராயும் வேலை என்றால் ஓகாம்ல் அல்லது ஹாஸ்கெல். அந்தந்த மொழியின் அடிப்படை லைப்ரரியும் ஜேசன் (JSON) வடிவத் தரவைப் படிக்க ஒன்றும் தவிர வேறெதையும் சேர்க்காதீர்கள். உண்மையான பழைய உள்ளீடுகளில் பத்தாயிரத்தை இரண்டு நிரலுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் உடனே புதியதைக் குற்றம் சொல்லாதீர்கள். பழையதில் இதுவரை யாரும் கவனிக்காத ஓட்டை வெளிப்பட வாய்ப்புண்டு.

அதன்பின், அதை எழுதாத சக ஊழியர் ஒருவரிடம் மொழிக்கு ஒரு வாரம் அறிமுகம் கொடுத்து, ஒரு புதிய வகையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். மொழியின் எழுத்துமுறையில் தடுமாறினால் அது இரண்டு வாரத்தில் போய்விடும். கம்பைலரின் பிழைச் செய்தி புரியாமல் தடுமாறினால் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், பக்கத்தில் கேட்க ஆளும் வேண்டும். நீங்கள் எழுதிய அடுக்குகள் புரியாமல் தடுமாறினால், மொழியை விட்டுவிட்டு உங்கள் நிரலை எளிமையாக்கி, இன்னொருவரிடம் அதே சோதனையை மறுபடி வையுங்கள்.